ஒரு நாள் விட்டு ஒரு நாள், நூறு மில்லி

மருந்துக்கடை அண்ணாச்சி இரண்டு ஆர்.எல். டிரிப்ஸ் பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "வீட்டில் யாருக்கு முடியவில்லை?" என்று கேட்டார். குரலில் உண்மையான கவலை. அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"செவலைக்கு" என்றேன்.

"அது யார்?"

"பூனை."

பில் போட்டுக்கொண்டிருந்த பையன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அண்ணாச்சி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. டிரிப் செட்டையும் ஊசிகளையும் காகித உறையில் போட்டு நீட்டும்போது மட்டும், "கடித்துவிடாதா அம்மா?" என்றார்.

கடிக்கவில்லை. ஆனால் அன்று வீடு திரும்பும்போது எனக்கும் அந்த ஒரு பயம்தான் இருந்தது. பயப்பட வேண்டியவை வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

செவலைக்கு வயது 13. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டி. காளைமாட்டுச் செம்மண் நிறம் என்பதால் அம்மா வைத்த பெயர். பூனைக்கு 'அவன்' போடுவது இலக்கணப் பிழை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வீட்டில் பூனை இல்லை.

சென்ற ஆண்டு சித்திரையில் அவன் சாப்பாட்டை நிறுத்தினான். முதல் நாள் வெயில் என்று விட்டோம். இரண்டாம் நாள் வாயைத் திறந்தபோது மூத்திர வாடை அடித்தது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் நான்கு கால்களையும் உடலுக்கு அடியில் மடக்கி, மூக்கு தண்ணீரைத் தொடும் தூரத்தில், குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். அந்த உட்காரல் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. சிறுநீரகம் பழுதான பூனைகள் அப்படித்தான் உட்காரும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். தாகம் இருக்கும், குமட்டலும் இருக்கும். கிண்ணத்தைவிட்டுப் போகவும் முடியாது, குடிக்கவும் முடியாது.

மருத்துவமனையில் மூன்று நாள். முன்னங்காலில் ஓர் இடத்தில் முடியை மழித்து, ஊசி ஏற்றி, பொட்டுப் பொட்டாக டிரிப்ஸ். சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்டால் இரத்தத்தில் தேங்கும் கழிவு கிரியேட்டினின்; சேர்க்கும்போது அது 7.4. நான்காம் நாள் காலை 3.9. வீட்டுக்கு அழைத்து வந்ததும் ஆட்டோவில் இருந்து இறங்கிய வேகத்தில் காம்பவுண்டுச் சுவரில் ஏறிவிட்டான். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். எதிர்வீட்டு அக்கா, "குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்துவிடும் என்று நான் அப்போதே சொன்னேனே" என்றார். நமது ஊரில் பாட்டிலில் தொங்குவது எதுவானாலும் அதன் பெயர் குளுக்கோஸ்தான். இந்தப் பழக்கம் பிறகு ஒரு நாள் எனக்கு வினையாக வர இருந்தது.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மறுபடி கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தான்.

டிரிப்ஸ் முடிந்து திரும்பும் பூனையின் முதல் மூன்று நாட்களை நம்பக்கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஏன் டாக்டர் சொல்லியிருந்தாரே, 'ஒரு வாரத்தில் வாருங்கள்' என்று. நான் அதைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொண்டேன். டிரிப்ஸ் சிறுநீரகத்தைப் பழுது பார்ப்பதில்லை. இரத்தத்தில் தேங்கிய கழிவைத் தண்ணீர்விட்டு அலசிவிடுகிறது, அவ்வளவுதான். அலசி முடித்த மறுநாளில் இருந்தே கழிவு மறுபடி சேரத் தொடங்குகிறது. நம் பக்கத்துக் குளத்தை நினைத்துக்கொண்டால் எனக்கு எளிதாகப் புரிகிறது. நான்கு மடையில் மூன்று தூர்ந்துபோன குளம். மருத்துவமனையில் அந்த ஒற்றை மடை வழியாகத் தண்ணீரை அடித்து ஓட்டினார்கள். மூன்று மடை தூர்ந்தது தூர்ந்ததுதான்.

இந்த மூன்று மடைக் கணக்கு என் கற்பனை இல்லை. பூனையின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் வடிப்பான்கள் இருக்கின்றன. மனிதனுக்கு இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அவற்றில் முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் தெளிவாக ஏறத் தொடங்கும். அதற்குக் கொஞ்சம் முன்பு, மூன்றில் இரண்டு பங்கு போன நிலையில், சிறுநீரைச் சுண்டவைக்கும் திறமை போய்விடும். பூனைகளின் மூதாதை ஆப்பிரிக்க, மேற்காசிய வறள்நிலத்துக் காட்டுப்பூனை. தின்கிற எலியின் உடம்பில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளி, சொட்டுச் சொட்டாகக் கெட்டியான சிறுநீர் கழித்துப் பழகிய வம்சம். தண்ணீரைத் தேடிப்போய்க் குடிப்பது பூனையின் இயல்பில் பெரிய இடம் பிடித்த விஷயமே இல்லை.

இது எனக்கு அப்போது தெரியாது. அவன் இரண்டு வருடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குளியலறை வாளியில், வாசல் தெளிக்க வைத்த பாத்திரத்தில், துளசி மாடத்துத் தட்டில். திருநெல்வேலி வெயிலில் காக்காய்கூடத்தான் குடிக்கிறது என்று நினைத்தேன். 'நம்ம செவலை சமர்த்து, நன்றாகத் தண்ணீர் குடிக்கிறான்' என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. மணல் தட்டில் முன்பெல்லாம் எலுமிச்சம்பழ அளவில் கட்டி விழும். அது ஆரஞ்சு அளவாகியிருந்தது. அள்ளிப் போட்டவள் நான்தான். கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவள், கண்முன்னால் இருந்த கணக்கைப் படிக்கவில்லை.

இரண்டாம் முறை போனபோது டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். என்னைவிட இருபது வயது சின்னவர், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். இந்த நோய்க்கு நான்கு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். பூனைக்குக் கிரியேட்டினின் 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, அதற்குமேல் நான்கு. உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது எடுத்த 7.4-ஐ வைத்து நிலையைச் சொல்லக்கூடாது, நீர் ஏற்றித் தேறிய பிறகு வரும் எண்தான் கணக்கு, ஆகவே இவன் மூன்றாம் நிலை என்றார். "இது குணமாகிற நோய் இல்லை அக்கா. நடத்திக்கொண்டு போகிற நோய். இனிமேல் டிரிப்ஸ் இங்கே வேண்டாம், வீட்டிலேயே தோலுக்கு அடியில் நீங்கள் கொடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நூறு மில்லி."

"நானா?"

"வேறு யார்?"

ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகச் சொன்னார். பழத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. பழம் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீட்டில் முதல் நாள். கூடத்துச் சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டும் ஆணி ஒன்று இருக்கிறது. காலண்டரைக் கழற்றிவிட்டு அதில் பாட்டிலைத் தொங்கவிட்டேன். கீழே பாய். பாயில் அம்மா சம்மணமிட்டு, மடியில் துண்டு, துண்டில் செவலை. தோள்பட்டைகளுக்கு நடுவில் தளர்ந்த தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, கூடாரத்தின் வாசலில் ஊசியை நுழைக்க வேண்டும். நுழைத்தேன். திருகைத் திறந்தேன். சொட்டுகள் ஓடுகின்றன, அவனும் அசையாமல் இருக்கிறான். இவ்வளவுதானா என்று நான் பெருமூச்சு விட்டபோது, "எனக்கு ஏன் மடி நனைகிறது?" என்றார் அம்மா. கூடாரத்தின் ஒரு வாசலில் நுழைந்த ஊசி மறு வாசலில் வெளியே வந்திருந்தது. செவலைக்குப் போக வேண்டியதில் பாதி அம்மாவின் சேலைக்குப் போய்விட்டது.

ஊசி விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாவம், மெல்லிய ஊசி போதும் என்று முதலில் 22-ஆம் எண் வாங்கினேன், கருப்புத் தலை போட்டது. அதில் நூறு மில்லி இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எட்டாம் நிமிடத்தில் அவன் பொறுமை இழந்தான், பன்னிரண்டாம் நிமிடத்தில் அம்மா. டாக்டர் சிரித்துவிட்டு, இளஞ்சிவப்புத் தலை போட்ட 18-ஆம் எண்ணை வாங்கச் சொன்னார். பார்க்கக் கோணி ஊசி மாதிரி இருக்கும். ஆனால் நான்கைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. குத்துகிற நொடியைவிடப் பிடித்து வைத்திருக்கிற நிமிடங்களைத்தான் பூனை வெறுக்கிறது. என் இரக்கம் அவனுக்குப் பத்து நிமிடத் தண்டனையாக இருந்திருக்கிறது.

இன்னொன்று சூடு. அலமாரியில் இருந்து எடுத்த பாட்டில் நம் கைக்குச் சாதாரணமாகத்தான் தெரியும். பூனையின் உடம்பு நம்முடையதைவிட ஒரு டிகிரி போலக் கூடுதல் சூடு. தோலுக்கு அடியில் இறங்கும்போது அவனுக்கு அது குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் ஊற்றிய பாத்திரத்தில் பாட்டிலைப் பத்து நிமிடம் நிறுத்தி, மணிக்கட்டின் உள்பக்கம் நாலு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுத்த அன்று அவன் ஒரு முறைகூடச் சிலிர்க்கவில்லை. குழந்தைக்குப் பால் புகட்டுவதற்கு முன் பார்ப்பதுதான். அம்மாவுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

கொடுத்து முடித்ததும் முதுகில் ஒட்டகத் திமில் போல ஒரு வீக்கம் எழும்பும். போகப்போக அது வழிந்து ஒரு பக்கத்து முன்னங்காலுக்கு இறங்கும். முதல் முறை அதைப் பார்த்துவிட்டு அம்மா, "யானைக்கால் வந்துவிட்டது" என்று என்னை இரவு பதினொரு மணிக்கு எழுப்பினார். விடிவதற்குள் உடம்பு இழுத்துக்கொண்டுவிட்டது. இப்போது திமில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அம்மா பந்தயம் கட்டுகிறார்.

வினையாக வர இருந்தது என்றேனே, அது இது. ஒரு முறை வழக்கமான கடை பூட்டியிருந்தது. வேறொரு கடையில் கேட்டேன். "டிரிப்ஸ்தானே?" என்று ஒரு பாட்டிலை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஆணியில் மாட்டிய பிறகுதான் எழுத்தைப் படித்தேன். சர்க்கரை கலந்த உப்புநீர். மெய்யாகவே குளுக்கோஸ். இரத்தக்குழாயில் ஏற்ற அது வேறு காரணங்களுக்கு உதவும். தோலுக்கு அடியில் விட்டால் புண்ணாகிச் சீழ் பிடிக்க வாய்ப்பு உண்டு. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, நானும் 'டிரிப்ஸ்' என்றுதானே கேட்டேன். அன்றில் இருந்து ஆர்.எல். என்பதன் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்கிறேன்: ரிங்கர்ஸ் லாக்டேட், சர்க்கரை இல்லாத உப்புநீர். ஒவ்வொரு முறையும் புது ஊசி. திறந்த பாட்டிலை ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. மீதி இருந்தால் கொட்டிவிடுவோம். கொட்டும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கக்கூடாது.

ஊசியைக் கற்றுக்கொள்வது ஒரு வாரம். சாப்பாட்டைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று.

செவலை மீன் தின்று வளர்ந்தவன். தூத்துக்குடிச் சாளை, நெத்திலி, அம்மா கை ஓய்ந்திருக்கும்போது கருவாடு. சிறுநீரகம் கெட்டால் உடம்பில் பாஸ்பரஸ் தேங்கும், தேங்கும் பாஸ்பரஸ் மிச்சம் இருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முள்ளோடு தின்னும் சின்ன மீனில் பாஸ்பரஸ் அதிகம், கருவாட்டில் அதோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் உணவைக் கொடுத்தால் ஆயுள் நீளுகிறது என்பது ஆராய்ந்து பார்த்துச் சொன்ன விஷயம். மருத்துவமனையில் இருந்து வந்த அன்றே அந்த உணவை வாங்கிவந்து கிண்ணத்தில் போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. குமட்டல் அடங்காத நேரத்தில் புது உணவைக் கொடுத்தால், குமட்டலுக்குக் காரணம் அந்த உணவுதான் என்று பூனை முடிவு கட்டிவிடும். அதன் பிறகு அதை எளிதில் தொடாது.

கிண்ணத்தை நோக்கி வேகமாக வருவான். முகர்வான். உதட்டை நக்குவான். பிறகு முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றித் தரையைச் சுரண்டுவான், மணல் தட்டில் மலத்தை மூடுவது போலவே. "மண் போட்டு மூடுகிறான் பார், உன் அறுநூறு ரூபாய்ச் சாப்பாட்டை" என்றார் அம்மா. எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அது பிகு இல்லை, குமட்டல். பசி இருந்து, தின்ன முடியாத பூனை செய்வது. குமட்டலுக்கு மருந்து கொடுத்து, பசிக்கு ஒரு மருந்து கொடுத்து, பத்து நாள் அவன் கேட்டதைக் கொடுத்துத் தேற்றிய பிறகு, வேறொரு வகைச் சிறுநீரக உணவை விரல் நுனியளவு கலந்து ஆரம்பித்தோம். இன்றும் முழுதாக அதற்கு மாறவில்லை. பாதி அது, பாதி எலும்பு நீக்கி வேகவைத்த கோழி, சில நாள் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் இருப்பதால் அது என் பங்கு. தொடாமல் கிடக்கும் உத்தமமான உணவைவிட வயிற்றுக்குள் போன சுமாரான உணவு மேல் என்று டாக்டரே விட்டுக்கொடுத்தார். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி அது தனி ஆபத்தாகிவிடும்.

பாஸ்பரஸைப் பிடிக்க ஒரு பொடி உண்டு. அம்மா அதை அதிகாலையில் வெறும் வயிற்றில் சிரிஞ்சில் கொடுத்துக்கொண்டிருந்தார். எண்பது வருட அனுபவம், மருந்து என்றால் வெறும் வயிறு. அந்தப் பொடியோ சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக் கட்டி வெளியேற்றும் பொடி. சாப்பாடு இல்லாமல் கொடுத்தால் பிடிக்க ஆள் இருக்காது. ஒரு மாதம் இப்படிப் போனது எனக்குத் தெரியாது. 

அம்மாவும் செவலையும் ஒரு விஷயத்தில் கூட்டாளிகள். இருவருக்கும் இரத்த அழுத்தம். பூனைக்கும் அழுத்தம் பார்க்கிறார்கள், வாலில் பட்டை கட்டி. சிறுநீரகம் கெட்ட பூனைகளில் பலவற்றுக்கு அது ஏறியிருக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் காலையில் விழித்திரை கழன்று கண் தெரியாமல் போய்விடும். அவனுக்கு 180-க்கு மேல் இருந்தது. எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரைப் படித்ததும் அம்மா, "இது என் மாத்திரை அல்லவா" என்றார். அம்லோடிபின்தான். அம்மாவுக்கு 5 மில்லிகிராம். செவலைக்கு இரண்டரை மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, பிளேடால் வெட்டியது. காலையில் அம்மா தன் மாத்திரையை விழுங்கிவிட்டு, "ஏலே, உனக்கு" என்று அவன் பங்கை வெண்ணெயில் உருட்டுவார். இந்தக் கூட்டு மற்ற மருந்துகளுக்கும் பொருந்தும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அம்மாவின் டப்பாவில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, ஒரு மாத்திரைகூடக் கொன்றுவிடும். மூட்டுவலி மாத்திரைகள் மிச்சம் இருக்கும் சிறுநீரகத்தையும் முடித்துவிடும்.

மூன்றாம் மாதம் இரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் 3.3. எனக்குத் தலைகால் புரியவில்லை. 7.4, 3.9, 3.3 என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். டாக்டர் எண்ணைப் பார்க்கவில்லை. செவலையின் முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "எடை என்ன?" என்றார். வைத்துப் பார்த்தால் 3 கிலோ 150. சேர்த்த அன்று மூன்றரை. நல்ல காலத்தில் 4 கிலோ 800 இருந்தவன். கிரியேட்டினின் தசையில் இருந்து வருவது. தசை கரைந்தால் அதுவும் குறையும். சிறுநீரகம் தேறியதால் இறங்கிய எண்ணா, உடம்பு தேய்ந்ததால் இறங்கிய எண்ணா என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடிக்கோட்டை நான் அழிக்கவில்லை. அது அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றில் இருந்து எடைதான் பிரதானம். வீட்டில் இருப்பது ஆள் ஏறி நிற்கும் மெஷின், நூறு கிராம் வித்தியாசத்தை அதனிடம் கேட்பது அநியாயம். தெருமுனைப் பலசரக்குக் கடையில் மின்தராசு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கட்டைப்பையில் அவனை வைத்துக் கொண்டுபோவேன். கடைக்காரர் முதலில் வெறும் பையை நிறுத்துக் கழித்துக்கொள்வார். பிறகு பை தராசில் ஏறும், பைக்கு மேலே ஒரு செவலைத் தலை எட்டிப் பார்க்கும், உளுந்து வாங்க வந்தவர்கள் விலகி நிற்பார்கள். "மூன்று இருநூற்று இருபது" என்று அவர் வெல்லம் நிறுத்த குரலிலேயே சொல்வார். முந்தின வாரத்தைவிடக் குறைந்திருந்தால் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

தைமாதம் நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

இரண்டு நாளாக அவன் சோர்ந்து கிடந்தான். முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கினால் தூக்கியபடியே நின்றது. நீர் வற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வயதான, மெலிந்த பூனையின் தோல் எப்போதுமே அப்படித்தான் நிற்கும், ஈறு பிசுபிசுக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. முறை இல்லாத நாள் அது. இருந்தும் இருநூறு மில்லி கொடுத்தேன். காலையிலும் தெளியவில்லை, இன்னொரு நூறு கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் கொடுத்தேன். கை சும்மா இருக்க முடியாமல் கொடுத்தேன் என்பதுதான் சரி.

மதியம் அம்மா கூப்பிட்டார். "இவன் ஏன் தூக்கத்தில் ஓடுகிறவன் மாதிரி மூச்சு வாங்குகிறான்?" சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விலா ஏறி இறங்குவதை எண்ணினேன். நிமிடத்துக்கு 52. தூங்குகிற பூனைக்கு முப்பதைத் தாண்டக்கூடாது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஸ்கேனில் நுரையீரலைச் சுற்றி நீர். இதயத்தில் ஒரு கூடுதல் ஓசை முன்பே இருந்தது, நான் ஏற்றிய தண்ணீரை அதனால் சமாளிக்க முடியவில்லை. நீரை வெளியேற்ற ஊசி போட்டார்கள். நீர் வெளியேற்றும் ஊசி சிறுநீரகத்துக்கு ஆகாது. ஆனால் முதலில் மூச்சு. ஒரு பக்கம் தண்ணீர் போதாமல் சாகும் நோய், மறுபக்கம் தண்ணீர் அதிகமாகிச் சாகும் நிலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வரப்பின் அகலம் நூறு மில்லி.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "கூடுதலாகக் கொடுத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். நோட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "எழுதி வைத்தீர்களே, அதுவரைக்கும் நல்லது" என்றார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். வந்ததும் பாட்டிலில் பேனாவால் நூறு நூறாகக் கோடு கிழித்து, கோட்டைத் தாண்டினால் திருகை மூடும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாட்டிலைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கோடு நெருங்கும்போது, "போதும், போதும், போதும்" என்று மூன்று முறை சொல்வார். பந்தியில் பரிமாறுகிறவரிடம் சொல்வது போல.

"தெருப் பூனைக்கு இவ்வளவு செலவா" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். செலவு உண்மைதான். ஆர்.எல். பாட்டில் மலிவு, இரத்தப் பரிசோதனையும் உணவும்தான் கையைக் கடிக்கின்றன. எல்லோராலும் முடியாது, முடியாதவர்கள் அன்பு குறைந்தவர்களும் இல்லை.

ஆணியில் இருந்து கழற்றிய காலண்டர் இப்போது பீரோவின் மேல் சாய்ந்திருக்கிறது. தேதி கிழிக்கும்போது அம்மா டிரிப்ஸ் நாட்களில் மட்டும் தாளின் மூலையில் ஒரு சுழி போடுவார். நோட்டில் நான் எழுதுகிறேனே என்றால், "உன் நோட்டை நான் நம்புவதில்லை" என்கிறார். தைக்குப் பிறகு அதற்கு நான் மறுப்புச் சொல்வதில்லை.

இப்போதைக்கு எடை 3 கிலோ 380. மூச்சு நேற்று இரவு 24. மீன் கழுவும் சத்தம் கேட்டால் கொல்லைக் கதவுவரை வருகிறான். ஒரு துண்டு கொடுக்கிறோம், முள் எடுத்து.

பிரச்சினை பாத்திரம்தான். பாட்டிலைச் சூடாக்க முதலில் எவர்சில்வர் குண்டான் வைத்திருந்தேன். அது அடுப்பு மேடையில் உரசும் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில், சுவரோரம், கை எட்டாத இடத்துக்குப் போய்விடுவான். பித்தளைச் சொம்புக்கு மாற்றினேன், ஒரு வாரம் தாங்கியது. பிளாஸ்டிக் மக் சத்தமே போடாது என்று நம்பினேன். நான்கு நாளில் கண்டுபிடித்துவிட்டான், வெந்நீர் ஊற்றும் ஓசையை வைத்து. சென்ற முறை பாட்டிலைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல அரை மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தேன். அவன் வந்து எதிரில் உட்கார்ந்து, மடியில் இருந்த துண்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எழுந்து கட்டிலுக்கு அடியில் போனான்.

நாளைக்கு முறை. அம்மா வெயிலில் வைக்கலாம் என்கிறார், கொல்லையில், ஊறுகாய்ப் பரணிக்குப் பின்னால்.